டீக்குப் பிறகு விழுந்த குழிகள்

ஊரில் பாதிப் பேரின் வாய் சுண்ணாம்புக்குத் தெரியும், முகம் தெரியாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொட்டாவி விட்டால், ‘அட, நம்ம மேல்வரிசை, இடப்பக்கம் கோணல்’ என்று சுண்ணாம்பு மனசுக்குள் ஒரு வணக்கம் வைப்பார். அவர் வாயை மூடியதும் மறுபடி அந்நியராகிவிடுவார். ஊரோடு இவ்வளவு நெருக்கமாகவும் இவ்வளவு எட்டவும் வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை எழுத இதுவரை யாருக்கும் கை வரவில்லை என்பது ஆச்சரியந்தான்.

சுண்ணாம்பு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. டென்டல் லேப்பின் கீழ்த்தளத்துப் பின்னறையில், ஸ்டோன் பவுடரோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தியதில் புருவம், காதுமடல், சட்டைப்பை எல்லாம் வெளுத்துப்போனதால் வந்த பெயர். மழையில் நனைந்தால் மனுஷன் நின்ற இடத்திலேயே இறுகிவிடுவார் என்று மேல்மாடியில் பேசிக்கொண்டார்கள். பேசிக்கொண்டார்கள் என்றால், ஒருவர் பேசினார், மற்றவர்கள் கேட்டார்கள். அந்த ஒருவருக்குப் பெயர் ரேடியோ.

ரேடியோ மேல்மாடியில் மெழுகில் பல் அடுக்குபவர். சுண்ணாம்பின் தங்கையைக் கட்டியவர். காலையில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் ஒலிபரப்பு, சாயங்காலம் செருப்பை மாட்டும்போதும் முடிந்தபாடில்லை. உலகச் செய்தி, உள்ளூர்ச் செய்தி, அக்கம்பக்கத்து வீட்டுச் செய்தி எல்லாம் உண்டு. இடையிடையே விளம்பரம் போல வருவது மச்சானின் கல்லைப் பற்றிய விமரிசனம்.

அதில் தொழில் முறையான பகையும் இருந்தது. டாக்டர், பசை நிரப்பிய டிரேயை நோயாளியின் வாய்க்குள் வைத்து அச்செடுத்து அனுப்புவார். அச்சு என்பது வாயின் தலைகீழ்; பல் நிற்கும் இடத்தில் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் ஸ்டோனைக் கரைத்து வார்த்து, இறுகிய பிறகு பிரித்தால், கல்லில் ஒரு வாய் கிடைக்கும். அதுதான் சுண்ணாம்பின் வேலை. அந்தக் கல்வாயின் மேல் மெழுகு பூசிப் பல் செட்டு கட்டுவது ரேடியோவின் வேலை. கல்லில் ஒரு குழி விழுந்தால் செட்டில் ஒரு முண்டு எழும்பும். செட்டில் முண்டு இருந்தால் எங்கோ ஒரு பெரியவர் ஈறு புண்ணாகி, சாப்பாடு இறங்காமல், காரணம் தெரியாமல் மருமகளைத் திட்டுவார். ஆகப் பல குடும்பங்களின் அமைதி அந்தப் பின்னறையில் தீர்மானமாயிற்று. செட்டில் எந்தக் குறை வந்தாலும் மேலே இருப்பவர் கல்லைச் சொல்வார், கீழே இருப்பவர் மெழுகைச் சொல்வார். சாயங்காலத்துக்கு முன் இருவரும் தெருமுனைக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடி அதே சண்டையைத் தொடர்வார்கள். காசு மட்டும் யார் கொடுப்பது என்பதில் சண்டை வந்ததில்லை. இருவருமே மறந்துவிடுவார்கள், கடைக்காரர் ஞாபகப்படுத்துவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கல்லில் குழி விழத் தொடங்கியது.

ஒன்றிரண்டு என்றால் குண்டூசி முனையால் மெழுகு வைத்து அடைத்துவிடலாம். இவை பல் நுனிகளில் எல்லாம் பொடிப்பொடியாக விழுந்தன. மேற்பரப்பு சொரசொரத்தது. ரேடியோ அந்தக் கல்வாய் மாடல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, எல்லார் காதிலும் விழும்படி, “மச்சான், இது வாயா, தேன்கூடா? தேன் எப்போ எறக்குவ?” என்று கேட்டார். மேல்மாடி சிரித்தது. விஷயம் முதலாளியிடம் போனது.

முதலாளி எதையும் முறையாகச் செய்கிறவர். உப்புப் பெறாத விஷயம் என்று முதலில் சொன்னவர், இரண்டு செட்டு திரும்பி வந்ததும் விசாரணை வைத்தார். பவுடர் மூட்டை சுவரோரம் நின்று ஈரம் குடித்திருக்கும் என்று குற்றம் சாட்டப்பட்டது. மூட்டை மறுத்துப் பேசவில்லை, அறையின் நடுவுக்கு மாற்றப்பட்டது. கலக்கும் ரப்பர் கிண்ணத்தில் காய்ந்த பழைய துணுக்கு ஒட்டியிருந்தால் புதுக் கலவை அவசரப்பட்டு இறுகும் என்பதால், கிண்ணம் சுரண்டிக் கழுவப்பட்டது. அச்சில் எச்சில் படிந்திருந்தால் கல்லின் மேல்தோல் கெடும் என்று எதிர்ச்சாரி கிளினிக் டாக்டருக்கு மரியாதையாகச் சொல்லியனுப்பப்பட்டது. நன்றாக அலசித்தான் அனுப்புகிறோம் என்று டாக்டர் அதைவிட மரியாதையாகப் பதில் அனுப்பினார். கலவையை அதிரவைத்துக் காற்றை வெளியேற்றும் வைப்ரேட்டரும் கூண்டில் ஏற்றப்பட்டது. அது வழக்கம்போல நடுங்கியது. ஆனால் குற்றம் நிரூபணமாகவில்லை. தண்ணீர் அளக்கும் பிளாஸ்டிக் குவளையை யாரும் விசாரிக்கவில்லை. வெளுத்துப்போய், கோடுகள்கூடப் பாதி அழிந்து, குழாயடியில் சாதுவாக நின்றிருந்த அதில் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் புழங்கியதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சுண்ணாம்பு தனியாக ஒரு விசாரணை நடத்தினார். அதில் ஒன்று தெரிந்தது. காலையில் வார்ப்பதெல்லாம் கண்ணாடி மாதிரி வருகிறது. டீ குடித்துவிட்டு வந்து வார்க்கிற முதல் ஒன்றிரண்டுதான் கெடுகிறது. கலவை கிண்ணத்தில் சரியாகத்தான் குழைகிறது. பல் பள்ளங்களுக்குள் ஓடி இறங்குவதற்குள் கெட்டிப்பட்டு, காற்றை உள்ளேயே சிறைவைத்துவிடுகிறது. முதலாளி இதைக் கேட்டு, மத்தியான வெயில் என்று தீர்ப்பெழுதினார். சுண்ணாம்பு தலையாட்டினார். அவர் மனசில் வேறு தீர்ப்பு இருந்தது. கலவை அவசரப்படவில்லை, தன் கைதான் மெதுவாகிவிட்டது. காலையில் தெம்பாக இருக்கிற கை பொழுது சாயச் சாயத் தளர்கிறது. வீட்டில் தம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, கையை நீட்டி, ததும்புகிறதா என்று பார்த்தார். என்ன, தண்ணியைப் பார்த்துப் பாடம் படிக்கிறீங்களா என்று மனைவி கேட்டுவிட்டுப் போனாள். தம்ளர் ததும்பியதா இல்லையா என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அதே நாட்களில்தான் டீக்கடைப் பெஞ்சில் இடம் காலியாயிற்று. சர்க்கரை வந்துவிடும் போலிருக்கிறது, டீயை விட்டுவிட்டேன் என்றார் ரேடியோ. டீயை விடுகிற ஜென்மமா இது என்று சுண்ணாம்பு நினைத்தார். நினைத்ததோடு சரி. தேன்கூட்டுப் பேச்சுக்குப் பிறகு அவருக்கும் பெஞ்சில் தனியாக உட்காருவது சௌகரியமாகத்தான் இருந்தது.

உண்மையைத் தங்கைதான் வந்து சொன்னாள். ரேடியோவின் மேலண்ணத்தில் வலது பக்கம் புண். மாசக்கணக்காக ஆறாமல் இருந்திருக்கிறது, யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது சதை எடுத்துப் பரிசோதித்து, பெயர் சொல்லக் கூடாத அந்த நோய் என்று முடிவாகிவிட்டது. அண்ணத்தில் வலது பாதியைப் பல்லோடு எடுத்தாக வேண்டும். எடுத்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கதவில்லாத வாசல் ஒன்று திறந்துவிடும். குடித்த தண்ணீர் மூக்கில் வரும், பேச்சு வெறும் காற்றாகப் போகும். அதனால் ஆபரேஷன் மேஜையிலேயே ஒரு பிளேட்டை மாட்டி அந்த வாசலை மூடுவார்கள். பிளேட்டை முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்.

அதை நான்தான் செய்வேன் என்று ரேடியோ பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். “இத்தனை வருஷமா என் வாயை அடைக்க ஒருத்தராலயும் முடியல. கடைசியில நானே செஞ்சு நானே அடைச்சுக்க வேண்டியிருக்கு” என்றார், மேல்மாடியில், எல்லாரையும் பார்த்து. ஒலிபரப்பின் வரலாற்றில் முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு கீழே போய்ச் சுத்தமாக இருந்த ரப்பர் கிண்ணத்தை மறுபடி சுரண்டினார்.

அச்செடுக்கிற நாள் வந்தது. டீக்கடையில் அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்துவிட்டு சுண்ணாம்பு திரும்பி வந்தபோது, பின்னறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். கையில் மூடி போட்ட டப்பா, அதற்குள் ஈரத்துணி சுற்றிய அச்சு. தெருவைக் கடப்பதற்குள் யாராவது இடித்துவிடுவார்களோ என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ரவிக்கையில் ஈரம் இறங்கியிருந்தது.

“அண்ணா, இது ஒண்ணுதான். வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்கல. டாக்டர் ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் எடுத்தாரு. இன்னொரு தடவை டிரே உள்ள போகாதுன்னு சொல்லிட்டாரு.”

சுண்ணாம்பு அச்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நல்ல அச்சு. ஒரு மடிப்பு, ஒரு கிழிசல் இல்லை. ஆனால் இந்தப் பசை காத்திருக்காது. வைத்திருந்தால் காய்ந்து சுருங்கும், பிறகு அதில் வார்க்கிற வாய் யாருக்கும் பொருந்தாது. உடனே வார்க்க வேண்டும். அதுவோ டீக்குப் பிறகு வார்க்கிற முதல் வார்ப்பு. குழி விழுந்தால் பிளேட் அண்ணத்தில் ஒட்டி உட்காராது, ஓரத்தில் தண்ணீர் ஏறும். மூன்று மாதமாக இந்த நேரத்தில் தன்னை ஏமாற்றிய கைகளை அவர் பார்த்தார். மேலே போய் யாரையாவது கூப்பிட்டு வார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தார். தங்கையின் எதிரில் அதை எப்படிச் சொல்வது என்றும் யோசித்தார்.

“அப்புறம் அண்ணா, அவரோட உப்பு டப்பாவ எடுத்துட்டு வரச் சொன்னாரு. வாயெல்லாம் அந்தப் பசை ஒட்டியிருக்கு, கொப்புளிக்கணுமாம்.”

“எந்த உப்பு டப்பா?”

“இங்கதான் இருக்காம். பவுடர் மூட்டைக்குப் பின்னால.” அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள். “உனக்குத் தெரியாதா? தெனம் இங்க வந்துதான் உப்புத் தண்ணி கொப்புளிப்பாரு. மேல செஞ்சா எல்லாரும் என்ன ஏதுன்னு கேப்பாங்கன்னு, நீ டீ குடிக்கப் போற நேரமாப் பாத்து வருவாராம். இன்னிக்கும் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வந்துட்டுத்தான் போனாரு.”

மூட்டைக்குப் பின்னால் மூடி தேய்ந்த ஒரு சின்ன டப்பா இருந்தது. மூட்டையை நடுவுக்கு இழுத்த அன்று டப்பாவும் கூடவே இடம் மாறியிருக்க வேண்டும். விசாரணைக் குழுவின் கண்ணில் படாமல். சுண்ணாம்பு குழாயடிக்குப் போய் அளவுக் குவளையை எடுத்தார். அடியில் கொஞ்சம் ஈரம். வெளுத்த பிளாஸ்டிக்கில் எது பவுடர், எது கரையாத உப்பு என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. விரலை விட்டு, எடுத்து, நாக்கில் வைத்தார்.

கரித்தது.

உப்புப் பட்டால் ஸ்டோன் அவசரமாக இறுகும் என்பது இந்தத் தொழிலில் கைவைத்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மச்சான் கொப்புளித்துவிட்டு வைத்த குவளையில், டீ குடித்துவிட்டு வந்த இவர் மேலாகத் தண்ணீர் பிடித்து ஊற்றியிருக்கிறார், தினம் தினம். தேன்கூடு என்று தூக்கிக்கொண்டு வந்து சிரித்த மனுஷன், அந்தத் தேன்கூட்டைத் தானே கட்டிவிட்டுப் போனது தெரியாமல் சிரித்திருக்கிறார். சுண்ணாம்புக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. குழி விழுந்த ஒவ்வொரு மாடலும், அவர் பெஞ்சில் தனியாக நிம்மதியாக உட்கார்ந்திருந்த நேரத்தில் இந்தக் குழாயடியில் ஒருவர் வலியோடு குனிந்து நின்றதன் அச்சு என்று தோன்றியது. கட்டடத்தில் இத்தனை குழாய் இருக்க, இங்கே வந்திருக்கிறார்.

“என்ன அண்ணா?”

“ஒண்ணுமில்ல. அந்த ஸ்டூல்ல உக்காரு.”

குவளையை மூன்று தரம் கழுவினார், தேவைக்கு மேலேயே. அச்சைத் தண்ணீரில் அலசி, நின்ற நீரை உதறினார். கிண்ணத்தில் முதலில் தண்ணீர், அதன்மேல் பவுடர், அது தானாக நனைந்து அமிழும்வரை பொறுமை. பிறகு கத்தியால் கிண்ணத்தின் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கலந்தார். டிரேயை வைப்ரேட்டர் மேல் வைத்து, ஒரு கோடியில் கொஞ்சமாக விட்டார். கலவை கடைவாய்ப் பல் பள்ளத்தில் இறங்கி, நிரம்பி, அடுத்த பள்ளத்துக்கு வழிந்து, காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு பல்லாகப் போயிற்று. அது அவசரப்படவில்லை. அவர் கையும் மெதுவாக இல்லை. இரண்டையும் அவர் ஒரே நேரத்தில் கவனித்தார். ஆனால் மூன்று மாதமாகக் காத்திருந்த அந்தச் சந்தோஷம் வந்து வாசலில் நின்றபோது, உள்ளே கூப்பிடும் நிலையில் அவர் இல்லை.

உப்பு டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, இறுகும்வரை தங்கை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினாள். கல் சூடாகி, பிறகு ஆறியது. சுண்ணாம்பு ஓரத்தைத் தளர்த்தி, டிரேயை நேராகத் தூக்கிப் பிரித்தார்.

பல்வரிசை வழவழவென்று நின்றது. அண்ணத்தின் மடிப்புகள் மயிரிழை தப்பாமல் விழுந்திருந்தன. வலது பக்கத்தில், நடுவுக்குச் சற்று தள்ளி, ஒரு குழி இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் குழி. ஜன்னலோரம் போய்ச் சாய்த்துப் பிடித்தார், நகத்தால் தொட்டுப் பார்த்தார். காற்று விட்ட குழி உருண்டையாக, உள்ளே பளபளப்பாக, விளிம்பு கூராக இருக்கும். இதன் விளிம்பு தடித்து, மேடாக, கிழிந்த துணி மாதிரி இருந்தது. நகத்தை எடுத்துவிட்டார், கல்லுக்கு வலிக்கும் என்பதுபோல.

“சரியா வந்திருக்கா அண்ணா?”

“சரியா வந்திருக்கும்மா.”

ரேடியோ சாயங்காலம் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஆள் வந்த சத்தமே கேட்காததால் சுண்ணாம்பு திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் குரல்தான் முதலில் வரும். ரேடியோ குழாயடியைப் பார்த்தார். அலமாரியில், எல்லார் கண்ணிலும் படும்படி, அவருடைய உப்புக்கென்று ஓர் இடம் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இதுவரை அங்கே இல்லாத புது எவர்சில்வர் தம்ளர். தள்ளி, ஆணியில் கவிழ்த்து மாட்டிய அளவுக் குவளை. மேல்மாடி மனுஷனுக்கும் தொழில் தெரியும். கையிலிருந்த டப்பாவை அந்த இடத்தில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய குவளையை ஒருமுறை விரலால் தொட்டார்.

பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாடலை எடுத்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவது அவர் வழக்கம். ஒவ்வொரு பல்லாகப் போனார். எதுவும் அகப்படாத ஏமாற்றம் அவர் கழுத்தில் தெரிந்தது. கடைசியில் நிறுத்தி, விரலை வைத்தார்.

“இதோ ஒரு குழி.”

“அது என் குழி இல்ல மச்சான்” என்றார் சுண்ணாம்பு. “உன்னோடது.”

ரேடியோ பூதக்கண்ணாடியை இறக்கவில்லை. நாக்கால் மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை இப்போதுதான் முதல்தடவை கண்ணால் பார்க்கிறார். பார்த்து முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது.

“அழகாத்தான் வார்த்திருக்க” என்றார் கடைசியில். இருபது வருஷத்தில் வந்த முதல் பாராட்டு அதுதான்.

டாக்டர் அனுப்பிய படத்தைப் பார்த்து, எதுவரை எடுக்கப்போகிறார்களோ அதுவரை ரேடியோ மாடலில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு வலப்புறம் இருப்பதைக் கல்லில் சீவி எடுத்துவிட்டால்தான் பிளேட்டை முழு அண்ணமாக இழைத்துக் கட்ட முடியும். கத்தியை எடுத்தவர், கொஞ்சம் யோசித்து, பிடியைத் திருப்பி மச்சானிடம் நீட்டினார்.

“நீயே வெட்டு.”

சுண்ணாம்பு வாழ்நாளில் தான் வார்த்த பல்லைத் தானே வெட்டியதில்லை. அன்றைக்கு வெட்டினார். ஒவ்வொரு பல்லாக, பிறகு அந்த மேட்டு விளிம்பையும் குழியையும், பொடி மடியில் விழ விழ. வெட்டின இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். ரேடியோ வாங்கி, விளக்கைக் கொளுத்தி மெழுகை உருக்கினார். பிளேட் செய்து முடிந்தபோது அதைப் பிடித்திருந்த விரல்கள் யாருடையவை என்று சொல்ல முடியாதபடி நான்கு கைகளிலும் வெள்ளை.

குழி ஏன் விழுந்தது, எப்படி நின்றது என்று முதலாளி எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டார். நீங்கள் சொன்னதுதான், வெயில் என்று சுண்ணாம்பு எழுதிக் கொடுத்தார். தன் தீர்ப்பு உறுதியானதில் முதலாளி பூரித்துப்போய், பின்னறைக்கு ஒரு பெரிய மின்விசிறி வாங்கி மாட்டினார். அதைப் போட்டால் பவுடர் எழும்பி அறை முழுக்கப் பனிமூட்டம். போடாவிட்டால் முதலாளிக்கு வருத்தம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், விசிறி சுற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தங்கை. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

“அண்ணா, இப்பத்தான் தண்ணி குடுத்தோம். குடிச்சாரு. மூக்குல வரல.”

“பேசுறாரா?”

“ஏதோ சொல்றாரு. எனக்குச் சரியாப் புரியல. நர்ஸம்மா போதும் பேசாதீங்கன்னு திட்டுறாங்க.”

சுண்ணாம்பு போனை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், அப்போது முகத்தில் இருந்தது பவுடர் மட்டுந்தானா என்பது விசிறி கிளப்பிய புழுதியில் யாருக்கும் தெரிய நியாயமில்லை. விசிறியை நிறுத்தினார். ஆணியிலிருந்து குவளையை எடுத்து, கழுவி, உள்ளே விரல் விட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த அச்சுக்குத் தண்ணீர் பிடித்தார்.